வேகத்தடையில் திரும்பும் வேன்

செண்டாயான் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து செனாவாங் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் வேனில் ஒருமுறை முன்னிருக்கையில் உட்கார்ந்து போனேன். ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். வேகத்தடையில் வேன் குலுங்கினால் போதும், வண்டியைத் திருப்பிவந்து, இறங்கி, சாலையையும் சக்கரங்களையும் பார்ப்பார். யார்மீதாவது ஏற்றிவிட்டோமோ என்ற பயம். அது மனநோய் என்று அவருக்கே தெரியும்.

“யாரும் சாகல லா, அண்ணே. லேட்டாப் போயி நாங்கதான் சாகப்போறோம்,” என்றாள் பின்னிருக்கைப் பெண்.

அவரும் சிரித்தார். அடுத்த தடையிலும் திரும்பினார்.

பல வருட மாத்திரைகள் பலிக்கவில்லை. மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து மின்சாரம் செலுத்தும் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். மறுநாள் கொடுக்கவேண்டிய சம்மதப் படிவம், கையெழுத்தில்லாமல் வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்தது.

“பயமா இருக்கா?” என்று கேட்டேன்.

“மண்டைய தொறக்கிறதுக்குப் பயமில்ல சார். அதுக்கப்புறம் திரும்பிப் பாக்கணும்னே தோணாதாம். ஒரு நாள் நெசமாவே ஏத்திட்டா, யாரு சார் திரும்பிப் பாக்கிறது?”

கையெழுத்துப் போடச் சொல்லத்தான் படிவத்தை எடுத்தேன், அங்கேயே திருப்பி வைத்துவிட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டது அவரா, அவருடைய நோயா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.