ஷாஹினா அக்கா வாங்கிய முகவரி

இந்த நேரத்தில் உங்கள் ஃபோனை ஒலிக்க வைத்ததற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். நாளைக்கு என்று வைத்தால் இன்னொரு வாரம் தள்ளிவிடுவேனோ என்று பயம். நான் முத்துலட்சுமி. ஞாயிறுதோறும் உங்களுக்கு வரும் ‘ஏழு மணி பஸ்’ மின்மடலில் ஷாஹினா அக்கா எழுதுவதைப் பிழை திருத்திக் கொடுத்து வந்தவள். ஐந்து ஞாயிறாக மடல் ஏன் வரவில்லை என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு நான்தான் சொல்ல வேண்டும். ஷாஹினா அக்கா இறந்துவிட்டார்.

அன்று காலை கம்பெனி பஸ் தளி ரோட்டில் அவருடைய ஸ்டாப்பில் நின்றது. மூன்று நாளாகக் காய்ச்சல், இன்று வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். பக்கத்து சீட்டில் பையைப் போட்டு இடம் பிடித்திருந்தேன். டீக்கடையிலிருந்து ஒருவர் ஓடிவந்து டிரைவர் மஞ்சண்ணாவிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். விருதுநகர்க்காரியான எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. மஞ்சண்ணா எஞ்சினை அணைத்தார். ஷிஃப்ட் பஸ்ஸில் யாருக்காகவும் எஞ்சினை அணைத்து நான் பார்த்ததில்லை. அப்போது புரிந்தது.

தொடக்கத்தில் நம் மடல் ஓர் இலவசச் சேவையின் முகவரியிலிருந்துதான் போனது. எந்தக் குழந்தைக் காப்பகத்தில் இடம் இருக்கிறது, தடுப்பூசி முகாம் எங்கே என்று அக்கா அலைந்து விசாரித்து எழுதியதைப் பல பேர் கடன் விளம்பரம் என்று அழித்தார்கள். மீதி ஸ்பேமில் விழுந்தது. அப்படித்தான் கம்பெனியில் எங்கள் லைனில் வேலை பார்த்த ஒரு பெண் காப்பக விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தவறவிட்டாள், வேலையையும் விட்டாள். அன்று பஸ்ஸை விட்டு இறங்கும்போது அக்கா சொன்னார்: “அடுத்தவன் வீட்டு அட்ரஸ்ல இருந்து லெட்டர் போட்டா யாரு நம்புவா முத்து? நமக்குன்னு ஒரு டொமைன் வாங்கிடலாம்.”

மடலின் பெயரிலேயே சொந்தமாக ஓர் இணைய முகவரி வாங்கினார். அனுப்புவது நாங்கள்தான் என்று சாட்சி சொல்லும் சில வரிகளை அந்த டொமைன் கணக்கில் ஒட்ட வேண்டும். ஒட்டியது நான். சரியாகிவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருதரம் பார்த்துக்கொண்டிருந்தேன். “பச்சப்புள்ள டயப்பரப் பாக்குற மாதிரி அதையே பாக்காதடி. வீடு மாறுனா போஸ்ட்மேனுக்குத் தெரிய ரெண்டு நாள் ஆவாதா?” என்றார். மூன்றாம் நாளும் ஆகவில்லை. பிறகு பார்த்தால், டொமைன் பெயரை அந்தக் கணக்கு தானே சேர்த்துக்கொள்ளும் என்று தெரியாமல் நானும் ஒருதரம் எழுதி வைத்திருந்தேன்; பெயர் இரண்டு தடவை விழுந்திருந்தது. கேன்டீனே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். “வீட்டுக்குள்ளயே இன்னொரு வீடு கட்டிட்டா பாரு!”

அதன் பிறகு, புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் ‘வந்துச்சு’ என்று ஒரு சொல் பதில் கேட்பார். பதில் போட்டால் உங்கள் அஞ்சல்பெட்டி நம்மைத் தெரிந்தவராக எடுத்துக்கொள்ளும் என்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டொமைன் பதிவில் இரண்டாவது ஆளாக என் பெயரையும் எண்ணையும் போடலாமா என்று அக்கா கேட்டார். நான் மாட்டேன் என்றேன். “வேணாம்க்கா. யார் யாரோ கூப்பிடுவாங்க. கைக்குழந்தைய வச்சிருக்கேன், பயமா இருக்கு.” அவர் வற்புறுத்தவில்லை. “சரி, என் பேர்லயே இருக்கட்டும். நான் எங்க ஓடிடப் போறேன்?”

அடக்கம் முடிந்த வாரமே டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. கணக்கைத் திறக்க ஓடிபி அவர் ஃபோனுக்குத்தான் போகும். விட்டுவிட்டால் முகவரி காலாவதியாகும். யாராவது அதை வாங்கி, நம் பெயரில் உங்களுக்கு எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். எல்லாம் தெரியும். ஆனாலும் மனைவியைப் பறிகொடுத்த மனிதரிடம் போய் ஓடிபி கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான்கு வாரம் ஓட்டிவிட்டேன்.

கெடு முடிய ஆறு நாள் இருக்கும்போதுதான் போனேன். அவர் கணவர் ரஹீம் அண்ணன் ராயக்கோட்டை தக்காளி மண்டியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். நான் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே போய் ஃபோனை எடுத்துவந்தார். முழு சார்ஜ் இருந்தது. “டெய்லி சார்ஜ் போடுறேம்மா. எதுக்குன்னு தெரியல. ஆஃப் ஆயிட்டா மனசு கேக்க மாட்டேங்குது.”

ஓடிபியை ஒவ்வோர் எண்ணாக வாசித்தார். புதுப்பித்தேன். பிறகு பதிவில் இருந்த அக்காவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். கடைசி எழுத்தில் விரல் நின்றுவிட்டது.

“போடும்மா,” என்றார் அண்ணன். “உன் பேரப் போடு. ரெண்டாவது ஆள் வேணும் வேணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா.”

என் பெயரையும் எண்ணையும் போட்டேன்.

மடலின் அஞ்சல்பெட்டியில் ஒரு தனி ஃபோல்டர் இருப்பதை அன்றுதான் கவனித்தேன். நீங்கள் எல்லோரும் அனுப்பிய ‘வந்துச்சு’. ஒன்றைக்கூட அவர் அழிக்கவில்லை. அந்த ஃபோல்டரையும், “நான் எங்க ஓடிடப் போறேன்” என்ற அந்தக் குரலையும் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் பையை இன்னும் பக்கத்து சீட்டில்தான் வைக்கிறேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

ஐந்து வாரம் மௌனமாக இருந்த முகவரியிலிருந்து இது வருகிறது. எத்தனை பேருக்குப் போய்ச் சேரும் என்று தெரியவில்லை. படித்ததும் ‘வந்துச்சு’ என்று ஒரு பதில் போடுங்கள். சீக்கிரம் போடுங்கள்.