மஞ்சள் சால்வை

இன்றைக்கும் ரயில் ஊதும் சத்தம் கேட்டால் என் கை தானாகத் தலைக்குப் போகிறது, சால்வை இருக்கிறதா என்று பார்க்க.

உம்மாவின் தம்பி, அதாவது என் மாமாவுக்குக் கண் மங்கல். முழுதாகத் தெரியாமலில்லை, எல்லாம் புகைக்குள் இருப்பதுபோலத் தெரியுமாம். பள்ளி விடுமுறையில் சிலாபத்துக்கு ரயிலேறி வேலைக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். "முன்னால ஓடு மகள், நான் பின்னால வாறன்" என்பார். வடையும் வாங்கித் தருவார். ஊர் சுற்றிக் காட்டுகிறார் என்று எனக்குப் பெருமை. ஒரே குறை, பெருநாளுக்குப் பெருநாள் அவர் எடுத்துத் தரும் உடுப்பும் சால்வையும் மஞ்சள்தான். "மஞ்சள் சோறு போகுது" என்று பிள்ளைகள் பின்னால் கத்துவார்கள்.

அந்த வருடம் மாமாவும் அவரைப்போல் கண் மங்கிய நாலைந்து பேரும் ஊரெல்லாம் கையெழுத்து வாங்கினார்கள். எங்கள் சின்ன ஸ்டேசனின் மேடை விளிம்பில் மஞ்சள் கோடு, காலுக்குத் தட்டுப்படும் புள்ளிக் கற்கள், பெரிய எழுத்தில் பலகை, இவ்வளவுதான் கேட்டது. ஸ்டேசனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நல்லாத்தானே நடந்து வாறீங்க, உங்களுக்கு எதுக்குக் கோடு என்றார்களாம். மாமா வாதாடவில்லை. கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி ரயிலில் வருகிறார், மனுவை அவர் கையிலேயே கொடுப்போம் என்றார்.

அன்று மேடையில் என் வகுப்புப் பிள்ளைகளும் நின்றார்கள். மஞ்சள் சோறு மறுபடி ஆரம்பித்தது. ரோசத்தில் சால்வையை உருவி எறிந்தேன். காற்று அதைத் தூக்கிப்போய்த் தண்டவாளத்துக்கு அப்பால் இருந்த முள்பற்றையில் மாட்டியது. உம்மாவின் ஏச்சை நினைத்துத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ரயில் தூரத்தில் ஊதியது. மாமா மனுவை நெஞ்சோடு அணைத்தபடி தலையை நாலு பக்கமும் திருப்பினார். பிறகு ஒரு தயக்கமும் இல்லாமல் பற்றையை நோக்கி நடந்தார். மேடை முடிந்தது. அவர் நடந்துகொண்டே இருந்தார்.

யா அல்லாஹ் என்று யாரோ அலறினார்கள். நாலு பேர் குதித்து அவரை மேலே இழுத்துப் போடவும் ரயில் மேடைக்குள் நுழையவும் சரியாக இருந்தது. முழங்கால் உடைந்து கிடந்தவர் என்னைத்தான் தேடினார்.

"நீ அங்கால தானே மகள் நின்டாய்?"

இல்லையென்று தலையாட்டினேன். விழுந்த அதிர்ச்சியில் பிதற்றுகிறார் என்று நினைத்தேன்.

மனு இரத்தக் கறையோடு அதிகாரி கைக்குப் போனது. பெருநாளுக்கு முன்பே கோடு வந்துவிட்டது. சிரித்தவர்களே பக்கத்தில் நின்று பெயின்ற் பூசுவித்தார்கள். மாமா பொல்லை ஊன்றி அதன் ஓரமாகத் தனியே நடந்தார். இனி நீ மெனக்கெட்டு வரத் தேவையில்லை மகள் என்றார். சால்வையை எறிந்த கோபம் போகவில்லையாக்கும் என்று இரண்டு நாள் அழுதேன்.

பெருநாளுக்கு என்ன நிறம் வேண்டும் என்று முதல் தடவையாகக் கேட்டார். நீலம் என்றேன். மஞ்சளிலிருந்து தப்பிவிட்ட சந்தோசத்தில் புது உடுப்போடு அவர் முன்னால் போய் நின்றேன்.

"வடிவா இருக்கு மகள்" என்றார், எனக்குப் பக்கத்தில் ஆள் உட்காராமல் கிடந்த கதிரையைப் பார்த்து. பகிடி விடுகிறார் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.