என் நெஞ்சில் என்ன என்று கேட்டேன்

நாட்டுக்கு மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த வருஷம். ஊரெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்தது. நான் காஜா பேராங்கில் எங்கள் வீட்டில் இருமிக்கொண்டிருந்தேன். சளியில் ரத்தம் பார்த்ததும் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். என்ன தெரிகிறது என்று படம் எடுத்தவரிடம் கேட்டேன். டாக்டர் சொல்வார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் சீனர். அவர் இங்கிலீஷில் பேசுவதை, அவருக்கு உதவியாக இருந்த டிரெசர் தமிழில் சொல்வார். அந்த டிரெசர் என்னை வெளியே உட்காரச் சொல்லி, வீட்டுக்காரரை மட்டும் உள்ளே அழைத்தார். அப்போது எங்களில் அதுதான் வழக்கம். நோய் பொம்பளைக்கு, சேதி ஆம்பளைக்கு.

ஒன்றுமில்லை, சத்து ஊசிதான் என்றார் வெளியே வந்த என் வீட்டுக்காரர். அன்று சாயங்காலமே என் தட்டும் கோப்பையும் தனியாகப் போயின. என் கைக்குழந்தையை நாத்தனார் புக்கிட் ரம்பாயில் இருந்த தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஒன்றுமில்லாத நோய்க்குப் பிள்ளையை எதற்குப் பிரிக்கிறார்கள்? சாகப்போகிறேன் என்று முடிவுகட்டிவிட்டேன். ஊசிக்குப் போவதையும் நிறுத்தினேன். சாகிறவளுக்குச் சத்து எதற்கு?

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் நின்று அழுதேன். "தாயே, எடுத்துக்கணும்னா எடுத்துக்கோ. என்னன்னு சொல்லிட்டு எடு." சுகம் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ஊசிக்கு வரவில்லையே என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் விட்டார்கள். இருவரும் போனோம். டிரெசர் மறுபடியும் இவரை மட்டும் கூப்பிட்டார். நானும் எழுந்து உள்ளே போய்விட்டேன். "அண்ணே, படத்துல இருக்கிறது என் நெஞ்சுதானே? எங்கிட்ட சொல்லுங்க." அதுவரை அந்நிய ஆண்கள் முன்னால் வாய் திறந்தவள் இல்லை நான். அந்தக் குரலை மாரியம்மன்தான் கொடுத்தாள்.

டிரெசர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இடது பக்கம் வெள்ளையாக இருந்த இடத்தைக் காட்டி மெதுவாகப் பேசினார். டிரெசர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "காசநோய்மா. விடாம ஊசி போட்டு மாத்திரை சாப்பிட்டா குணமாயிடும். பிள்ளைக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னுதான் தள்ளி வைக்கச் சொன்னோம். அன்னைக்கே இவர்கிட்ட சொல்லியாச்சே."

எனக்குக் கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. நோயின் பெயரை மறைக்கப் போய், அது குணமாகும் என்பதையும் சேர்த்து மறைத்துவிட்டாரே இந்த மனுஷர்! "பேரக் கேட்டாலே நீ போயிடுவியோன்னு பயந்துட்டேன்" என்று சுவரைப் பார்த்து அழுதார். அவரும் பாவம்தான்.

அதன்பிறகு ஒரு ஊசியும் விடவில்லை. சுகமாக ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நாத்தனார் என் மகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது அவள் என்னை அத்தை என்றாள். ஏன் பிரிந்தோம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அதைத் தாங்க முடிந்தது.

அக்கா தங்கச்சிகளே, உங்கள் வீட்டிலும் யாரும் வாய் திறக்காமல் நீங்கள் தவித்தால் மாரியம்மன் தாயிடம் போங்கள். சுகத்தைக் கேளுங்கள். டாக்டரிடம் கேட்கும் தைரியத்தையும் கேளுங்கள். எனக்கு இரண்டையும் கொடுத்தாள். என் மகள் இப்போது என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.