ஆர்வெல்லா அடித்த இரண்டு எழுத்து

ஆர்வெல்லா சைஸ்மோர் பதித்த கட்டுப்பட்டை நாற்பத்திரண்டு வருடத்தில் ஒன்றுகூடப் பெயர்ந்ததில்லை. இதை அவளே சொல்லுவாள். கேட்டவர்களிடம் ஒரு தரம் சொல்லுவாள், கேட்காதவர்களிடம் இரண்டு தரம் சொல்லுவாள்.

கென்டக்கி மலைச்சாலையில் பந்தயக் காரை டிரெய்லருக்குள் ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு உயிர் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று நெஞ்சுக்குள். இன்னொன்று டிரெய்லர் தரையில் பதித்திருக்கும் பட்டையில். வரிசையாக ஓட்டை போட்ட இரும்புப் பட்டை அது. ஓட்டையில் வளையத்தை மாட்டி, வளையத்தில் வாரைக் கோத்து, காரின் நாலு சக்கரத்தையும் இறுக்கிக் கட்டிவிட்டால் கார் அசையாது, பட்டை அசையாதவரைக்கும். அதனால்தான் மண்பாதையில் சனிக்கிழமை தோறும் கார் ஓட்டுகிறவர்கள் எஞ்சினுக்கு ஆள் தேடுவதற்கு முன்னால் ஆர்வெல்லாவைத் தேடி வந்தார்கள்.

அவள் நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பில் ஒன்பது பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தவள். அவளுக்கும் அக்காவுக்கும் சேர்த்து ஒரே ஜோடிச் செருப்பு. அக்காவின் கால் வளர்ந்தது, செருப்பு அக்காவோடு போயிற்று, ஆர்வெல்லாவின் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. அரை, கால், அரைக்கால் என்கிற கணக்கெல்லாம் ஐந்தாம் வகுப்பில்தான் சொல்லிக்கொடுப்பார்களாம். அதனால் அளவு டேப்பில் இருக்கும் சின்னக் கோடுகள் அவளுக்கு இன்றைக்கும் எறும்பு ஊர்ந்த தடம்தான்.

சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தாள். அவளுக்கு இருபத்தேழு வயதானபோது தொழிற்சாலையை மூடினார்கள். அதே வருடம் புருஷனும் கிளம்பிப் போனான். கார் ஓட்டித் தோற்பதைத் தவிர வேறு தொழில் தெரியாதவன். போகும்போது காரை எடுத்துக்கொண்டு டிரெய்லரை விட்டுவிட்டுப் போனான். அந்த டிரெய்லரின் அடியில் படுத்துத்தான் ஆர்வெல்லா தொழில் கற்றாள். யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வந்த இரண்டு பேரையும் அவள் விரட்டிவிட்டாள்.

அவள் வேலை செய்யும் விதமே தனி. மற்றவர்கள் டிரெய்லருக்குள் நின்றுகொண்டு, பட்டையைத் தரையில் வைத்து, மேலிருந்து டிரில்லை இறக்குவார்கள். கீழே இரும்பு இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் வெறும் பிளைவுட். ஆர்வெல்லா முதலில் அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுப்பாள். குறுக்குச் சட்டங்கள் எங்கெங்கே ஓடுகின்றன என்று ஒரு நீளக் குச்சியைப் பிடித்துப் பென்சிலால் கோடு போடுவாள். அந்தக் குச்சிதான் அவளுக்கு டேப். பிறகு இரும்பைத் துளைத்துக்கொண்டு டிரில் கீழிருந்து மேலே போகும். துரு கொட்டி முகமெல்லாம் செம்மண்ணாகும். குச்சியின் கோட்டைப் பார்த்துப் பட்டையிலும் புது ஓட்டை போடுவாள். போல்ட்டு இறங்கும், கீழே தகடு வைத்து இரண்டு நட்டு போட்டு இறுக்குவாள். கடைசியில் எழுத்து உளியை எடுத்துப் பட்டையின் முனையில் சுத்தியலால் இரண்டே அடி: ஏ. எஸ்.

சுவரில் பட்டை வைக்கவேண்டுமென்றால் பனி பெய்த விடியலில் வருவாள். டிரெய்லரின் அலுமினியத் தோலில் எங்கே உள்ளே இரும்புக்கால் நிற்கிறதோ அங்கே பனி வேறு மாதிரி படிந்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவாள். இதைக் கண்டுபிடித்தது தான்தான் என்பாள். அது பொய்யென்று நிரூபிக்க யாரும் முன்வந்ததில்லை.

வேலை முடிந்த குச்சியில் வண்டிக்காரன் பெயரை எழுதிக் கொட்டகையின் உத்தரத்தில் செருகிவிடுவாள். நாற்பத்திரண்டு வருடக் குச்சிகள் அங்கே இருந்தன.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பந்தயத்துக்குப் போகும் வழியில், ஏற்றத்தில் வைத்து ஹோபர்ட் மேகர்ட்டின் கார் டிரெய்லரின் பின்கதவை உடைத்துக்கொண்டு சாலையில் விழுந்தது. பின்னால் வந்த சர்ச் வேன் முப்பது அடி தள்ளி நின்றது. வேனுக்குள் பதினோரு பேர். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காரோடு சேர்ந்து பட்டை இரண்டும் பெயர்ந்து வந்து சாலையில் கிடந்தன. முனையில் இரண்டு எழுத்து.

திங்கட்கிழமை பெட்ரோல் நிலையத்தின் பின்பக்க மேசையில் ஆர்வெல்லா சோளரொட்டியும் பீன்சும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கிளோவிஸ் பென்னிங்டன் எதிரில் வந்து உட்கார்ந்தான். ஊரில் புது டிரெய்லர் விற்கும் கடைக்காரன். சட்டையில் மடிப்புக் கலையாதவன்.

"மிஸ் ஆர்வெல்லா, கேள்விப்பட்டீங்களா? ஹோபர்ட் கார் ரோட்ல படுத்துடுச்சாம். பட்டை ரெண்டும் பிச்சுக்கிட்டு வந்துடுச்சாம். அதுல ரெண்டு எழுத்து இருந்துச்சாம். எனக்கென்னவோ அது என் பேரு மாதிரி தெரியல."

"என் பட்டை பெயராது."

"பெயர்ந்துடுச்சே! ஊரே பாத்துச்சு."

"ஊரு பாத்தது பட்டைய. அடியில யாரு படுத்துப் பாத்தா?"

"இதுக்குத்தான் நாலு எழுத்து படிச்சவங்க வேணும்கிறது. டேப்புல கோடு போட்டிருக்கே, அது எதுக்குன்னாவது உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியாது? உன்ன மாதிரி ஆளுங்க கோட்டையே பாத்துக்கிட்டு இரும்பைக் கோட்டைவிடுறதுக்கு." அவள் ரொட்டியைப் பீன்சில் தோய்த்தாள். "எந்திரி கண்ணு. நீ உக்காந்தா எனக்கு வெளிச்சம் மறைக்குது."

வாயால் ஜெயித்துவிட்டாள். ஆனால் செவ்வாய்க்கிழமைக்குள் மூன்று பேர் வரமுடியாதென்று போன் செய்தார்கள். அந்த வாரம் பட்டை பதிக்க வருவதாக இருந்தவர்கள். ஒருவனுக்குத் தலைவலி, ஒருவனுக்கு விருந்தாளி. மூன்றாவது ஆள் மட்டும் உண்மையைச் சொன்னான்.

"தப்பா நெனைக்காதீங்க மிஸ் ஆர்வெல்லா. வீட்டுல பயப்படறா. அந்த வேன்ல அவ அம்மாவும் இருந்தாங்க."

ஆர்வெல்லா போனை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். அவளிடம் சான்றிதழ் கிடையாது, கடைப் பலகை கிடையாது. நாற்பத்திரண்டு வருடம் சோறு போட்டது அந்த இரண்டு எழுத்துதான். அது போனால் எல்லாம் போன மாதிரி. உத்தரத்தில் தேடி ஹோபர்ட்டின் குச்சியை உருவினாள். கோணல் எழுத்தில் அவளே எழுதியிருந்தாள்: மேகர்ட், வெள்ளை வண்டி.

புதன்கிழமை காலை டான்டி நோபிளின் திடலுக்குப் போனாள். மாவட்டத்தில் நொறுங்குகிற வண்டியையெல்லாம் இழுத்துவந்து போடுகிற இடம் அது. வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள், கிளோவிஸ் உட்பட. போனில் பேசிய மூன்றாவது ஆளும் வந்திருந்தான். ஹோபர்ட் ஒரு ஓரமாகத் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றான். ஆறடி ஆள், அன்றைக்கு நாலடிதான் இருந்தான்.

பின்கதவு பிய்ந்துபோன டிரெய்லர் நடுவில் நின்றது. கறுப்பு டிரெய்லர். பெயர்ந்த பட்டை இரண்டும் பக்கத்தில் கிடந்தன.

ஆர்வெல்லா குச்சியைப் பார்த்தாள். டிரெய்லரைப் பார்த்தாள். குச்சியைக் கீழே வைத்துவிட்டு அட்டையை விரித்தாள்.

"ஆர்வி, இந்த வயசுல உனக்கெதுக்கு? நான் உள்ள போய்ப் பாத்துச் சொல்றேன்," என்றான் டான்டி.

"நீ உள்ள போனா ஜாக்கி வெச்சுத்தான் வெளிய எடுக்கணும். தள்ளு."

அடியில் போனாள். கொஞ்ச நேரம் அவளுடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது. பிறகு குரல் வந்தது.

"டான்டி, அந்தப் பட்டைய எடுத்து அந்தக் குச்சி பக்கத்துல வை. ஓட்டை ஒத்துப்போகுதா?"

டான்டி குனிந்து வைத்துப் பார்த்தான். "அச்சா ஒத்துப்போகுது."

"இப்ப குச்சிய எங்கிட்ட குடு." குச்சி அடியில் போயிற்று. "எல்லாரும் குனிங்கடா. குச்சியில கோடு இருக்கற எடத்துல இங்க இரும்பு இருக்கா?"

எல்லோரும் குனிந்தார்கள். இல்லை. ஒரு கோட்டுக்கு நேராகக்கூட இரும்பு இல்லை. ஓட்டையெல்லாம் இரண்டு சட்டத்துக்கு நடுவில், வெறும் பிளைவுட்டில் இருந்தன. ஒவ்வொரு ஓட்டையும் வாஷரோடு போல்ட்டை விழுங்கிப் பொத்தலாகிக் கிடந்தது.

"அப்ப நீங்க தப்பா அளந்துட்டீங்கன்னுதானே அர்த்தம்?" என்றான் கிளோவிஸ்.

"பிஞ்ச ஓட்டைய விடு, அதை வாஷர் இழுத்துடுச்சு. முன்னாடி போல்ட்டே போடாம ஒண்ணு விட்டிருக்கே, அந்த ஓட்டையப் பாரு படிச்சவனே. சிராய் எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு நிக்குது?"

"கீழ."

"மேலேருந்து டிரில் விட்டாத்தான் கீழ பிய்யும். நான் கீழேருந்து மேல விடுவேன், என் ஓட்டையில சிராய் மேலதான் கெளம்பும். நாப்பத்திரண்டு வருஷமா துரு தின்னுக்கிட்டு மல்லாந்து கெடக்கறேனே, அது ஆகாசத்தைப் பாக்கறதுக்கா?"

அவள் அப்படித்தான் வேலை செய்வாள் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். பாதிப்பேர் அவளுடைய பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சாயங்காலம்வரை காத்துக்கிடந்தவர்கள்தான். ஒவ்வொருவராகத் திரும்பி ஹோபர்ட்டைப் பார்த்தார்கள்.

"வெள்ளை வண்டிய வித்துட்டேன்," என்றான் ஹோபர்ட் தரையைப் பார்த்து. "போன அக்டோபர்ல."

"பட்டையக் கழட்டிக்கிட்டு."

"ஆமா... யாரு விட்டுட்டு விப்பாங்க?"

உண்மைதான். அந்தப் பக்கத்தில் டிரெய்லரை விற்கிறவன் ஆர்வெல்லாவின் பட்டையை மட்டும் விற்கமாட்டான்.

"இதுல நீயா போட்டியா?"

"பட்டையில ஓட்டை ஏற்கெனவே இருந்துச்சே, மிஸ் ஆர்வெல்லா. நீங்க போட்ட ஓட்டை. நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்னு அப்படியே வெச்சு..."

ஆர்வெல்லா அடியிலிருந்து வெளியே வந்தாள். தலைமுடியில் துரு. "அது வெள்ளை வண்டியோட இரும்புக்குப் போட்ட ஓட்டைடா. அண்ணன் காலுக்கு அளந்த பூட்ஸைத் தம்பிக்கு மாட்டுவியா? பதினோரு பேரு அந்த வேன்ல. நாலு நாளா வாயில என்ன வெச்சிருந்த?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க கத்துவீங்கன்னு..."

"இப்ப மட்டும் தாலாட்டா பாடறேன்?"

சிலர் சிரித்தார்கள். கிளோவிஸ் சிரிக்கவில்லை. "சரி, தப்பு அவன்மேல. ஒத்துக்கறேன். ஆனா நீங்க போட்டிருந்தா நின்னிருக்கும்னு மட்டும் என்ன நிச்சயம்? அதையும் யாரும் சோதிச்சுப் பாத்ததில்லையே."

அங்கேயே விட்டிருக்கலாம். அவள் பெயர் பாதி மீண்டுவிட்டது. ஆனால் பாதிப் பெயரை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற பழக்கம் ஆர்வெல்லாவுக்கு இல்லை. தன் பிக்கப்பிலிருந்து அரத்தை எடுத்துவந்தாள். பட்டையின் முனையில் இருந்த இரண்டு எழுத்தையும், எல்லோரும் பார்க்க, ராவித் தேய்த்து அழித்தாள். இரண்டாவது பட்டையிலும் அழித்தாள்.

"இப்ப இது யாரோட பட்டையும் இல்ல. டான்டி, உன் இழுவை வண்டிய தயார் பண்ணி வை. நாலு மணிக்கு வேணும். ஹோபர்ட், வா, வந்து அடியில படு. ஸ்பேனர் புடி."

புதுக் குச்சி, புதுக் கோடு. பிய்ந்த பிளைவுட் கிடந்த இடத்தை விட்டு நாலு விரல் உள்ளே தள்ளி, நல்ல பலகையில் வைத்தாள். டிரில் கீழிருந்து மேலே போயிற்று. மதியச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பிவந்தார்கள். ஹோபர்ட்டின் கண்ணில் துரு விழுந்தது. "விழட்டும், உனக்கு அது மருந்து," என்றாள்.

நாலு மணிக்கு டிரெய்லரின் மூக்கைச் சங்கிலியால் ஒரு பெரிய ஓக் மரத்தோடு கட்டினாள். பட்டைக்கு ஒரு வளையமாக இரண்டு வளையம் மாட்டி, டான்டியின் இழுவை வண்டிக் கம்பியை இரண்டிலும் கொக்கி போட்டாள். வண்டி பிரேக் போட்டு நிற்கும், அதன் முதுகிலிருக்கும் உருளை கம்பியைச் சுருட்டி இழுக்கும். எல்லோரையும் தூரமாக விரட்டினாள்.

"இழு."

கம்பி விறைத்தது. டிரெய்லர் ஒரு முழம் நகர்ந்தது, சங்கிலி இறுகியது, மரத்தின் தோல் உரிந்தது. தரைப்பலகை முனகியது.

"ஆர்வி, போதுமா?" என்று டான்டி கத்தினான்.

"உன் வண்டிக்கு மூச்சு வாங்குதுன்னா சொல்லு, நிறுத்திக்கலாம்!"

டான்டிக்கு ரோஷம் வந்தது. இன்னும் அழுத்தினான். ஒரு வளையம் மெல்ல வளைந்தது. அப்புறம் சரளைக்கல் நறநறவென்று அரைபடும் சத்தம். டிரெய்லர் நகரவில்லை. பிரேக் போட்டு நின்ற இழுவை வண்டி, நாலு சக்கரமும் பூட்டியபடியே, பின்பக்கமாக டிரெய்லரை நோக்கி வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு அடி. இரண்டு அடி.

"நிறுத்து!" என்றாள்.

மூன்றாவது ஆள்தான் முதலில் உள்ளே ஏறிப் பார்த்தான். மண்டிபோட்டுப் பட்டையின் ஓரத்தில் நகத்தை விட்டுப் பார்த்தான். நகம் நுழையவில்லை. "மிஸ் ஆர்வெல்லா, வியாழக்கிழமை நான் வண்டிய எடுத்துட்டு வரட்டுங்களா?"

"வா. வரிசையில கடைசி. உன் மாமியாரையும் கூட்டிட்டு வா, அடியில படுத்துப் பாக்கட்டும்."

பிறகு எழுத்து உளியை எடுத்தாள். அழித்த இடத்திலேயே திரும்ப அடித்தாள். ஏ. எஸ். இரண்டு பட்டையிலும் அடித்துவிட்டுச் சுத்தியலோடு மறுபடி அடியில் போனாள். இதுவரை செய்யாத காரியம் அது. பட்டைக்கு நேர் கீழே குறுக்குச் சட்டத்தின் இரும்பிலும் அதே இரண்டு எழுத்தை அடித்தாள். எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இனிமே மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ரெண்டும் நேருக்கு நேரா இருந்தாத்தான் அது நான். பட்டையக் கழட்டறவன் என் பேரை அங்கயே அரத்தால ராவிட்டுக் கொண்டுபோகணும்." கிளோவிஸ் பக்கம் திரும்பினாள். "உனக்குத்தான் நாலு எழுத்து தெரியுமே. கீழ ரெண்டு எழுத்து அடிச்சிருக்கேன். சரியா இருக்கான்னு படிச்சுச் சொல்லு."

கிளோவிஸ் தன் சட்டையைப் பார்த்தான். சரளைக்கல்லைப் பார்த்தான். டான்டி இழுவை வண்டியிலிருந்து இறங்கிவந்து, ஆர்வெல்லா படுத்திருந்த அட்டையை எடுத்து, துருவைத் தட்டாமலே அவன் காலடியில் விரித்துப் போட்டான்.