இரவல் பேனா

நான் ஜவுளிக்கடையில் வளர்ந்தவள். பூசான் துறைமுக நகரத்துச் சந்தையில் ஒன்பது கெஜத் துணியைப் பத்து கெஜம் என்று முகம் மாறாமல் அளந்து கொடுப்பேன். பொய் எனக்குத் தொழில் பழக்கம். ஆனால் இதைப் பொய்யாகச் சொல்வதென்றால், நீங்கள் நம்பும்படியாகச் சொல்லியிருப்பேன். இது நடந்தது. அதனால்தான் இப்படி இருக்கிறது.

அம்மாவின் கடையில் எல்லாம் இருந்தது, சிவப்புப் பேனா மட்டும் கிடையாது. ஒருமுறை வாடிக்கையாளர் பெயரைச் சிவப்பு மையில் எழுதிவிட்டேன். புறங்கையில் அளவுகோலாலேயே ஒன்று விழுந்தது. உயிரோடிருப்பவர் பெயரை எங்கள் ஊரில் யாரும் சிவப்பில் எழுதமாட்டார்கள். அது செத்தவர்களுக்கான நிறம்.

எங்கள் மலைச்சரிவுத் தெருவுக்கு நான் பொறுப்பாளர். வீடு வீடாகப் போய், குடியிருப்புப் பதிவில் இருக்கும் ஆள் வீட்டிலும் இருக்கிறாரா என்று பார்த்து எழுத வேண்டும். அந்தப் பதிவிலிருந்துதான் வாக்காளர் பட்டியல் எடுப்பார்கள். செத்தவர் பெயர் நின்றுவிட்டால் ஊர் சிரிக்கும். இருப்பவர் பெயர் போய்விட்டால் சட்டையைப் பிடிப்பார்கள்.

பியோ தல்-சு அப்படிப் பிடித்தவர். கப்பலில் சமையல்காரராக இருந்தவர். அவர் கடலில் இருந்தபோது, எனக்கு முன்பிருந்த பொறுப்பாளர் ‘ஆள் இல்லை’ என்று எழுதிவிட்டார். தேர்தலன்று இவர் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போய், வரிசையில் நின்று, பெயர் இல்லையென்று திரும்பி வந்தார். அதிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே பாட்டுதான்.

“ஏம்மா ஜவுளிக்காரி, என் பேரு இருக்கா?”

“இருக்கு பெரியவரே. உங்களுக்கப்புறமும் இருக்கும் போல.”

“அது வேணாம். செத்தா மறுநாளே அடிச்சிரு. உசுரோட இருக்கறப்போ மட்டும் எவன் சொன்னாலும் அடிக்காத. சத்தியம் பண்ணு.”

அவர் கொடுத்த கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டே சத்தியம் பண்ணினேன்.

அந்த ஜனவரியில் தெருவையே இடிக்கப் போகிறார்கள் என்றாகிவிட்டது. காலி செய்த வீட்டுக் கதவில் சிவப்புப் பெயின்டால் வட்டம் போட்டுவிடுவார்கள். மேல் சந்தில் வட்டம் இல்லாத வீடு ஒன்றே ஒன்று, பியோவுடையது. என் தாளில் நிரப்பாத கட்டமும் அது ஒன்றுதான். அன்று கடைசி நாள். ஆறு மணிக்குள் தாளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தூறலில் குடை பிடித்துக்கொண்டு ஏறினேன். ஐந்தரைக்கே இருட்டிவிட்டது.

கதவில் வட்டம் இருந்தது.

முந்தின நாள் இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும். விரலால் தொட்டேன். ஈரமாக இருந்தது. ஆனால் மழையில் வழியவில்லை.

மேலே பார்த்தேன். அந்தக் குளிரிலும் வெந்நீர் அடுப்பின் குழாயில் ஆவி இல்லை.

“பெரியவரே!”

கதவைத் தட்டினேன்.

“பியோ பெரியவரே! நான்தான், ஜவுளிக்காரி!”

“அவர் இல்லீங்க.”

குரல் எனக்குப் பக்கத்தில் கேட்டது. கறுப்புக் கோட்டில் ஒருவர். கக்கத்தில் அட்டை. ஏறி வந்த காலடிச் சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

“ஆபீஸ்ல அனுப்பினாங்களா?” என்றேன்.

“ஏறக்குறைய உங்க வேலைதான். எனக்கும் லிஸ்டு சரியா இருக்கணும். உங்களதுல இவர் இருக்காரு, என்னுதுல வேற மாதிரி இருக்கு. ரெண்டும் ஒத்து வரலேன்னா மேலிடத்துல எனக்குத் திட்டு விழும்.”

“அப்போ உங்களதைத் திருத்துங்க.”

“என்னுதுல தப்பே வராதுங்க.”

“எங்க சந்தையில எல்லாக் கடைக்காரனும் இதைத்தான் சொல்வான்.”

அவர் சிரித்தார். பல் தெரிந்தது. மூச்சின் புகை தெரியவில்லை. என் வாயிலிருந்து மட்டும் புகை வந்துகொண்டிருந்தது…

“நேரமாகுதுல்ல? ‘இல்லை’ன்னு ஒரு வார்த்தை. எழுதிட்டுக் கிளம்புங்க.”

நேரம் ஆகித்தான் இருந்தது. ஆள் வரவில்லை. கதவில் வட்டம் வேறு. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு பேனாவை எடுத்தேன். குளிரில் மை இறங்கவில்லை.

“இந்தாங்க.”

அவர் நீட்டிய பேனாவை வாங்கினேன். பனிக்கட்டியைப் பிடித்தது போல இருந்தது. புதுப் பேனா கைக்கு வந்தால் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். தாளின் ஓரத்தில் என் பெயரை எழுதிப் பார்த்தேன். எங்கள் மொழியில் என் பெயர் மூன்றே எழுத்து. யாங்… மி…

டொக்.

கை நின்றது.

டொக்… டொக்…

வீட்டுக்குள்ளிருந்து. இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம்.

“உள்ள யாரோ இருக்காங்க!”

“அது நின்னுடும்,” என்றார் அவர், மிக மரியாதையாக. “கொஞ்சம் பொறுங்க.”

டொக்…

இடைவெளி நீண்டது.

“கடைசி எழுத்தையும் எழுதிருங்களேன்.”

அப்போதுதான் ஓரத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன்.

சிவப்பு.

பேனாவை விட்டேன். கீழே விழுந்த சத்தம் வரவில்லை.

வாசலில் கிடந்த செங்கல்லை எடுத்தேன். ஜன்னலை உடைத்தேன்.

பியோ சமையலறைத் தரையில் கிடந்தார். இடுப்பு உடைந்திருந்தது. கையில் கரண்டி. பக்கத்தில் எரிவாயுக் குழாய். உதடு நீலமாக இருந்தது.

“பேரை… அடிச்சிட்டியா?”

“இல்ல பெரியவரே. அடிக்கல.”

திரும்பிப் பார்த்தேன். சந்து காலி.

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, பையில் கிடந்த புருவ மையால் கட்டத்தில் எழுதினேன்: ‘இருக்கிறார்.’

அவரை வண்டியில் ஏற்றிவிட்டு ஓடி, ஆறு அடிக்கும்போது அலுவலகத்தில் இருந்தேன். யாரையும் மேலே அனுப்பவில்லை என்றார்கள். தாளை வாங்கிய குமாஸ்தா சோ-யோன் முகம் சுளித்தாள்.

“என்னக்கா, ஓரத்துல உங்க பேரைப் போய்ச் சிவப்புல எழுதியிருக்கீங்க? அதுவும் பாதி!”

“அடிச்சுப் போடு தாயே.”

அவள் அந்த ஓரத்தில் வெள்ளைக் காகிதம் வைத்து மறைத்து, நகல் எடுத்துக் கோப்பில் வைத்தாள். நகலில் ஓரம் வெறுமையாக இருந்ததை நாங்கள் இருவரும் பார்த்தோம். அசல் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன்.

தேர்தலன்று பியோ சக்கர நாற்காலியில், இஸ்திரி போட்ட கோட்டில் வந்தார். பட்டியலில் விரல் ஓட்டிப் பெயரைக் கண்டுபிடித்தார். “இருக்கேன்!” என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சோ-யோன் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனாள். அலுவலகத்திலிருந்து கொண்டுவந்திருந்த கோப்பைத் திறந்தாள்.

அந்த நகல்தான். ஓரத்தில் என் பெயர். சிவப்பு.

“அக்கா… அந்த மெஷின்ல கறுப்பு மை மட்டும்தான்.”

அது போகட்டும். அன்று நான் எழுதியது இரண்டு எழுத்து.

நகலில், மூன்றாவது எழுத்தின் முதல் கோடு விழுந்திருந்தது.