வருஷம் திரும்புவதற்குள் பிச்சாவரம்

என் கணவர் இறந்த எட்டாவது மாதம் நான் பிச்சாவரம் போனேன். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கே அது பெரிய பேச்சாகிவிட்டது.

அவர் படுக்கையில் கிடந்த இரண்டு வருடமும் டிவியைச் சத்தமில்லாமல்தான் பார்ப்பேன். வலியில் தவித்துக் கண்ணயர்ந்தவரை எழுப்ப மனம் வராது. வசனம் கேட்காவிட்டாலும் புரிந்தவை விலங்குகளைக் காட்டும் நிகழ்ச்சிகள் மட்டும்தான். அதில் ஒருநாள் சேற்றில் நின்ற ஒரு நண்டு, உடம்பைவிடப் பெரிய ஒற்றைக் கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டியது. அது பிச்சாவரத்திலேயே இருக்கிறது என்று தெரிந்ததும், ஒருநாள் நேரில் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

கிளம்புவதற்கு முதல்நாள் கொழுந்தனார் வந்தார். எங்கள் தறிகளை இப்போது அவர்தான் கவனிக்கிறார்.

“அண்ணன் போய் வருஷம்கூட திரும்பல அண்ணி. இப்ப டூர் கேக்குதா? ஊர் என்னா பேசும்?”

“உங்க அண்ணன் ரெண்டு வருஷம் இருமிக்கினு கிடந்தாரே, அப்ப இந்த ஊர் எங்கப்பா போச்சு?”

அவர் எழுந்து போனார். நான் துணிகளைப் பையில் அடுக்கினேன்.

துணைக்கு வந்தவள், பக்கத்துத் தெருவில் ஜாக்கெட் தைக்கும் என் பள்ளித் தோழி. அவளும் கணவனை இழந்தவள். முஸ்லிம் வழக்கப்படி வீட்டோடு துக்கம் காக்கும் இத்தா இருந்து முடித்தவள். “எனக்கு நாலு மாசம் பத்து நாளோட முடிஞ்சுதுடி. உனக்கு மட்டும் என்னாத்துக்கு ஒரு வருஷம்?” என்று பஸ்ஸில் கேட்டாள்.

சிதம்பரத்தில் அறை எடுத்துத் தங்கி, காலையில் துடுப்புப் படகில் ஏறினோம். எங்களோடு மூன்று இளைஞர்கள். மடியில் ஸ்பீக்கர். சுரபுன்னை மரங்கள் வேர்களைச் சேற்றில் ஊன்றி இருபுறமும் நெருங்கி நிற்க, வாய்க்கால் குறுகிக்கொண்டே போனது. பாட்டுச் சத்தத்துக்கு ஒரு நாரை எழுந்து பறந்தது. அடுத்த வளைவில் இன்னொன்று.

“அத நிறுத்துங்கப்பா,” என்றேன்.

“ஜாலியா இருக்கத்தானே ஆண்ட்டி வந்திருக்கோம்?”

“நானும் அதுக்குத்தான் வந்துகிறேன். நிறுத்தலன்னா படகைக் கரைக்குத் திருப்பச் சொல்லுவேன்.”

படகோட்டி துடுப்பைத் தூக்கி மடிமேல் வைத்துக்கொண்டார். படகு நின்றது. ஒருவன் முணுமுணுத்துக்கொண்டே பாட்டை அணைத்தான்.

முதலில் துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர் கேட்டது. பிறகு சேற்றுக்குள்ளிருந்து சின்னச் சின்னதாய் ஏதோ வெடிக்கிற சத்தம். அங்கேதான் அந்த நண்டு நின்றது. டிவியில் கையகலம் தெரிந்தது, நேரில் புளியங்கொட்டை அளவுதான். படகிலிருந்த ஆறு பேரையும் பார்த்துக் கொடுக்கை ஆட்டி, நிற்கிற இடத்திலேயே நின்றது. எனக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

சற்று தள்ளி, வேர்களுக்கிடையில் மூன்று தலைகள் எழுந்தன. “நீர்நாய்,” என்று கிசுகிசுத்தார் படகோட்டி. ஒன்று மீனைக் கையில் பிடித்துக்கொண்டு எலும்போடு மென்றது. அந்த நறநறப்பு படகு வரைக்கும் கேட்டது. ஸ்பீக்கர் வைத்திருந்தவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தான். கரையேறியதும் அவனே கேட்டு என் போனில் எங்கள் இருவரையும் படம் எடுத்துக் கொடுத்தான். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டில் நான் வாய்விட்டுச் சிரிக்கிறேன். அதை அங்கேயே வாட்ஸ்அப் படமாக வைத்தேன்.

சிதம்பரம் பஸ் நிலையத்துக்கு வருவதற்குள் கொழுந்தனாரின் போன்.

“அந்தப் போட்டோவ எடுத்துடுங்க அண்ணி. சிரிச்சிக்கினு இருக்கிறீங்க.”

“சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். எடுக்க மாட்டேன்பா.”

நான்கு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. தறி விஷயம் எதுவானாலும் அவர் மனைவியிடம்தான் சொல்லி அனுப்புவார். வருஷத் திதியன்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டே நின்றார். எனக்கு வருத்தம்தான், ஆனால் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. அன்று சமையற்கட்டில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கமாக நகர்ந்து வந்தாள்.

“அக்கா, படகுல எத்தினி பேரு உக்காரலாம்?”