வெயிலில் இளகிய ரப்பர் உறை

பகல் பன்னிரண்டு இருபதுக்கு என் மகன் நான்காவது கல்லை மேடையில் வைத்தான். கல் அவனை விடவில்லை.

எனக்கு அப்படித்தான் தெரிந்தது. கான்கிரீட்டில் வார்த்த உருண்டைக் கல். அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, மேடையில் உருட்டிவிட்டு, அடுத்த கல்லுக்கு ஓட வேண்டும். முதல் மூன்றையும் வைத்துவிட்டு ஓடினான். நான்காவதை வைத்துக் கையை எடுத்தபோது, அவன் முன்கைக்கும் கல்லுக்கும் நடுவே வெளிறிய நூல்கள் இழுபட்டன. இடியப்பம் பிழிந்த மாதிரி. பந்தலுக்குள் யாரோ சிரித்தார்கள். தலைமை நடுவர் விசில் ஊதினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதற்றம் வந்தால் நேரம் பார்ப்பது என் பழக்கம்.

ஐந்தாவது கல் தரையில் அப்படியே கிடந்தது.

எம்பிலிப்பிட்டியவில் நடந்த பலசாலிப் போட்டி அது. மொத்தம் ஐந்து சுற்றுகள். லொறி இழுப்பது, மரக்குற்றியைத் தலைக்கு மேல் தூக்குவது, இரண்டு கையிலும் இரும்புப் பாரத்தைப் பிடித்து நடப்பது, டயர் புரட்டுவது என்று நான்கு முடிந்திருந்தன. நான்கிலும் சேர்த்து முதலிடத்தில் இருந்தவன் என் மகன். கல் சுற்றில் மூன்றாவதாக வந்தாலே போதும், மொத்தத்தில் அவன்தான் வெற்றி. வெற்றி பெறுகிறவனை வெளிநாட்டுத் தொழில்முறைப் போட்டிக்கு அனுப்புவார்கள். அவனோடு அவனுடைய பயிற்சியாளரும் சொந்தச் செலவில் போகலாம். இருபத்தாறு வயது அவனுக்கு. விடிந்ததும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய், பகலில் வாளி சுமந்து, மாலையில் பஸ் ஏறிக் கேகாலையில் உள்ள ஜிம்முக்குப் போய் ஆறு வருடம் உழைத்தது இந்த ஒரு நாளுக்காக. இது தவறினால் மறுபடியும் ரப்பர் மரத்தடிதான் என்று அவனும் சொல்லியிருந்தான், நானும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நான் தோட்டப் பாடசாலையில் கணக்கு ஆசிரியை.

இழுபட்ட அந்த நூல்கள் நான் செய்து கொடுத்த முன்கை உறையிலிருந்து வந்தவை.

கல் தூக்கிப் பழகத் தொடங்கியதும் அவனுடைய முன்கைத் தோல் உரிந்துகொண்டே இருந்தது. புண்ணோடு கத்தி பிடித்து மரம் வெட்டினான். கடையில் விற்கும் முன்கை உறை வெளிநாட்டிலிருந்து வருவது, எங்களுக்கு எட்டாதது. எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு வழக்கம் உண்டு. மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளப் பழைய துணியை ரப்பர் பாலில் தோய்த்துக் காயவைப்பார்கள். சொட்டுத் தண்ணீர் இறங்காது. நானும் என் பழைய ஸ்வெட்டரின் கை இரண்டையும் வெட்டி, அவனுடைய அப்பா கொண்டுவந்த பாலில் மூன்று தரம் தோய்த்து, ரப்பர் ஷீட்டை உலர்த்தும் புகையறையின் ஓரத்தில் ஒரு வாரம் தொங்கவிட்டேன். தேன் நிறத்தில் இரண்டு உறைகள் கிடைத்தன. அவன் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, யானைத் தோலு மாதிரி இருக்கும்மா" என்றான். அன்றிலிருந்து கையில் புண் இல்லை.

ஆனாலும் எனக்கு நிம்மதி இல்லை. போட்டி விதிகள் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் வந்திருந்தன. இரண்டையும் வாசித்தேன். கையில் சோக்குத்தூள் மட்டும் பூசலாம், ஒட்டும் பொருள் எதுவும் கூடாது, முன்கை உறை அணியலாம் என்றிருந்தது. உறைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு நானே ஜிம்முக்குப் போனேன்.

மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிடும் பயிற்சியாளர் வெளியாள் இல்லை. எங்கள் லயத்துக்குப் பின் லயத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா சாகும்வரை அதே புகையறையில்தான் வேலை செய்தார். என்னை அக்கா என்பார். என் மகன் அவரை மாமா என்பான்.

"மாஸ்டர், இது சரிவருமா? ஒட்டுற சாமான் கூடாதுன்னு பேப்பர்ல போட்டிருக்கே."

"நீங்களும் என்னைய மாஸ்டர்னா நான் எங்கக்கா போறது?" என்று சிரித்தார். ஒரு உறையைத் தன் கையில் மாட்டிக்கொண்டார். விரலால் தேய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். சிரிப்பு நின்றுவிட்டது. "எங்கப்பா வாசம் வருதுக்கா" என்றார். கொஞ்ச நேரம் அதைக் கழற்றவே இல்லை. பிறகு, "காஞ்ச ஷீட்டு எங்கயாவது ஒட்டுமா? தாராளமா போடலாம். நான் சொல்றேன்ல" என்றார்.

போட்டிக்கு முந்திய வாரம் போன் எடுத்து மறுபடி கேட்டேன். "கணக்கு டீச்சருக்கு எதையும் ரெண்டு தரம் சொல்லணும். போடலாம்க்கா, போடலாம். நீங்க அவனுக்குச் சோத்தப் போடுங்க. அவன் திங்கிற தீனிக்குக் கேகாலை மார்க்கெட்டுல அரிசி மிஞ்சாதுன்னு பேசிக்கிறாங்க."

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததால் வேறொன்றைக் கேட்க விட்டுப்போனது. இரண்டு மாதமாக அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் எம்பிலிப்பிட்டியவுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். "அங்கயும் ஒரு பையன் இருக்கான்க்கா, பெரிய ஹார்ட்வெயார்க் கடைக்காரர் மகன். சொல்லிக் குடுக்க ஆளில்ல, பாவம்" என்று ஒருமுறை அவராகவே சொல்லியிருந்தார். எங்கள் லயத்து ஆளை அவ்வளவு தூரத்திலிருந்து தேடி வருகிறார்களே என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. அவருடைய வேனிலேயே போனோம். இரத்தினபுரி தாண்டி, பெல்மதுளை தாண்டி, மலை இறங்க இறங்க வெயில் ஏறியது. மைதானத்தில் இறங்கியதும் உறைகள் இருந்த பையையும் மற்றப் பைகளையும் எடுக்கப் போனேன். "இருக்கட்டும்க்கா, களவு போயிரும். வேன்லயே பூட்டி வைக்கிறேன். கல்லுச் சுற்றுக்கு நானே கொண்டாறேன்" என்றார். கண்ணாடி எல்லாம் ஏற்றிய வேன் காலை எட்டு மணியிலிருந்து நடு வெயிலில் நின்றது. கல் சுற்றுக்கு மகன் பெயரைக் கூப்பிட்ட பிறகுதான் உறைகளைக் கொண்டுவந்து அவசரமாக அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ரப்பர் ஷீட்டை வெயிலில் போடக் கூடாது. எங்கள் தோட்டத்தில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் இது தெரியும். வெயில் பட்டால் இளகும், பிசுபிசுக்கும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால்தானே புகையறை. எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் பக்கம் ரப்பர்க் காட்டு நிழலும் மழையுமாக இருக்கும். ஜிம் கூரைக்கு அடியில் இருக்கும். உறை வெயிலைப் பார்த்ததே இல்லை. நான் விதியை ஐந்து தரம் வாசித்தேனே தவிர வானத்தைப் பற்றி நினைக்கவில்லை. புகையறைக்காரர் மகனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்ற கேள்வி அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை.

நடுவர் மேசைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். தலைமை நடுவர் நரைத்த மீசைக்காரர், மரியாதையாகவே பேசினார். அவர் முன்னால் ஒரு தாள் விரிந்து கிடந்தது. நான்காக மடித்திருந்த தாள், கம்ப்யூட்டரில் அடித்த எழுத்து. முறைப்பாடு வந்திருக்கிறது என்றார். கொடுத்தவன் இரண்டாமிடத்தில் இருந்தவன், மாஸ்டர் சனிக்கிழமைகளில் போய்ச் சொல்லிக் கொடுத்த அந்த எம்பிலிப்பிட்டியப் பையன்.

நடுவர் உறையைக் கழற்றச் சொன்னார். அது லேசில் கழலவில்லை. மகனுடைய கை மயிரையும் பிடுங்கிக்கொண்டுதான் வந்தது. நடுவர் தன் கட்டைவிரலை அதில் அழுத்தி எடுத்தார். விரலோடு நூல் வந்தது.

"இதில் என்ன பூசியிருக்கிறீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

மகன் என்னைப் பார்த்தான். எதுவும் சொல்லாதே என்று அந்தப் பார்வை சொன்னது. எனக்கு அது புரிந்தது. ஆனால் முப்பது வருடம் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல் என்று சொன்ன வாய், கேட்டதும் திறந்துகொண்டது. எதையும் பூசவில்லை, ரப்பர் பாலில் தோய்த்தது, எங்கள் மரத்துப் பால், நான்தான் செய்தேன், புண் வராமலிருக்கச் செய்தேன் என்று முழுவதையும் சிங்களத்தில் ஒப்பித்தேன். மாஸ்டரிடம் காட்டிக் கேட்டுத்தான் போட்டோம் என்றும் சொன்னேன்.

நடுவர் திரும்பினார். மாஸ்டர் மேசைக்கு அந்தப் பக்கம், அந்தப் பையனின் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் அதை அப்போதுதான் கவனித்தேன்.

"மம மேக தெக்கலவத் நே" என்றார்.

இதை நான் பார்த்ததுகூட இல்லை என்று அர்த்தம். பிறந்த நாளிலிருந்து என்னோடு தமிழில் பேசியவர், என் முகத்தைப் பார்க்காமல் நடுவரைப் பார்த்து அதைச் சொன்னார். குரலில் நடுக்கம் இல்லை.

"டேய், நீ மோந்து பாத்தியே... ஒங்கப்பா வாசம்னியே" என்று என்னை அறியாமல் தமிழில் கத்திவிட்டேன். அவரை நான் அதுவரை டேய் என்று சொன்னதில்லை. மேசையில் இருந்த யாருக்கும் அது விளங்கவில்லை. விளங்கிய ஒருவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் விடவில்லை. அந்தப் பையன் கையிலும் உறை இருக்கிறதே, அதிலும் ரப்பர்தானே என்று கேட்டேன். நடுவர் அதையும் வாங்கிப் பார்த்தார். உள்பக்கம் சொரசொரவென்று கறுப்பு ரப்பர், வெயிலில் அசையவே இல்லை. ஓரத்தில் கம்பெனி லேபல் தைத்திருந்தது. "அம்மா, இது என்னவென்று எங்களுக்குத் தெரியும். உங்களுடையது கல்லில் ஒட்டுகிறது. நான் கண்ணால் பார்த்தேன். ஒருவனுடைய கை மட்டும் ஒட்டினால் மற்றவர்களுக்கு அது நியாயமா?" என்றார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. என் வகுப்பில் ஒரு பிள்ளை விடைத்தாளோடு வேறு தாளைக் கொண்டுவந்தால், தெரியாமல் வந்தது என்று அழுதாலும், நானும் இதைத்தான் செய்திருப்பேன். கல் சுற்றில் மகனுக்குப் புள்ளி இல்லை என்று எழுதினார்கள். முதலிடத்திலிருந்து நான்காமிடம்.

அதன்பிறகு போவதற்கும் வழியில்லாமல் உட்கார்ந்திருந்தோம். எங்கள் சாப்பாடு, உடுப்பு, அவனுடைய செருப்பு எல்லாம் வேனில். வேன் சாவி மாஸ்டரிடம். மாஸ்டரைக் காணோம். மைதான ஓரத்து வேப்பமரத்தடியில் அவன் தரையில் இருந்தான், நான் ஒரு சிமெந்துத் திண்டில் இருந்தேன். தூரத்தில் பரிசு கொடுத்தார்கள். ஒலிபெருக்கி பெயர்களைச் சொன்னது.

அவன் என் பக்கம் திரும்பினான்.

"துணின்னு சொல்லியிருக்கலாம்ல."

"நூலு நூலா வந்துச்சேடா. துணின்னா நம்புவாங்களா?"

"நம்புறது நம்பாதது அவங்க வேல. ஒனக்கு எங்க போனாலும் டீச்சர் வேல. என்னைய மார்க் போட்டு உக்கார வச்சிட்ட."

"நான் மாமாகிட்ட ரெண்டு தரம் கேட்டேன்டா."

"மாமாவாம்." முன்கையில் உரிந்த இடத்தை ஊதிக்கொண்டான். "அவரு செஞ்சத நான் புரிஞ்சிக்கிட்டேன்மா. அவருக்குப் பிளேன் ஏறணும், டிக்கெட்டுக் காசு அந்தக் கடைக்காரர்கிட்டதான் இருக்கு. நீ செஞ்சதுதான் எனக்குப் புரியல."

என்னுடைய பயம் அதுதான். மாஸ்டரின் பொய்யை விட என்னுடைய உண்மைதான் பிள்ளையைக் கவிழ்த்துவிட்டதோ? நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், பேசத் தெரியாதவள் போலத் திணறியிருந்தால், அந்த நல்ல மனுஷர் ஐந்தாவது கல்லைத் தூக்கச் சொல்லியிருப்பாரோ? இதை நான் இன்றைக்கும் சமைக்கும்போது, பஸ்ஸில் இருக்கும்போது, கரும்பலகையைத் துடைக்கும்போது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கைக்கடிகாரத்தில் நாலே முக்கால். மேடையைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். எங்களை நோக்கி ஒரு ஆள் வந்தான். மாஸ்டராக இருக்கும் என்று எழுந்து நின்றேன். இல்லை. முறைப்பாடு கொடுத்த அந்தப் பையன். கழுத்தில் வெற்றிப் பட்டி, கையில் எங்கள் பைகள் மூன்றும். மகன் எழும்பவில்லை.

அவன் பைகளை என் காலடியில் வைத்தான். வேன் போய்விட்டது என்றான். தன் அப்பாவோடு மாஸ்டர் ஹோட்டலுக்குப் போய்விட்டார், பைகளை இறக்கித் தன்னிடம் தந்தார் என்றான். பிறகு போகாமல் நின்றான். அவ்வளவு பெரிய உடம்பை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல நின்றான். அவன் சொன்னது சிங்களத்தில். எனக்குள் அது எங்கள் பேச்சில்தான் பதிந்திருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, நீங்க மேசையில பேசினதுக்கு அப்புறந்தான் எனக்கு அது கையால செஞ்சதுன்னு தெரியும். ஏதோ களவா வாங்கிப் பூசுறாங்கன்னுதான் எனக்குச் சொல்லியிருந்தாரு. நீங்க என்ன சொல்லியிருந்தாலும் ஒன்னும் மாறியிருக்காது. அந்தக் கடுதாசியில கையெழுத்து மட்டுந்தான் என்னோடது. எழுதினது ஒங்க மாஸ்டரு. வியாழக்கிழமையே அடிச்சிக் கொண்டாந்து குடுத்தாரு. பகல் வெயிலுக்கு எப்படியும் இளகிரும், நூல் தெரிஞ்சதும் போய்க் குடுன்னு சொன்னாரு."